தண்டவாளத்தையும் சதுப்பையும் பார்த்து வரையுங்கள்: நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு ஒரு திறந்த மடல்

பத்தரமுல்லை செத்சிறிபாயவில் பணிபுரியும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடலாளர்களுக்கும், மேல் மாகாணத்தின் ஏழு மாநகர சபைகளின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கொழும்பு இனி எந்தப் பக்கம், எந்த வடிவில் வளரும் என்பதை உங்கள் மேசையில்தான் வரைகிறார்கள். அந்த வரைபடத்துக்குள் குடியிருக்கும் பல இலட்சம் பேரில் நானும் ஒருத்தி. வீடு வெள்ளவத்தையில், வேலை பத்தரமுல்லையில். அக்கா குடும்பம் வத்தளையில், மாமா வீடு நீர்கொழும்பில். கொழும்பு, தெஹிவளை–கல்கிசை, கோட்டே, கடுவெல, மொரட்டுவை, கம்பஹா, நீர்கொழும்பு என்று ஏழு மாநகர சபைகள் இருப்பது எங்களுக்குச் சோலைவரிப் பத்திரம் வரும்போதுதான் ஞாபகம் வரும். மற்றபடி இது ஒரே ஊர். இவற்றுக்கு நடுவே நகர சபைகளும் பிரதேச சபைகளும் வேறு. 2012 குடிசன மதிப்பீட்டில் மேல் மாகாணத்தின் சனத்தொகை 58 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் கொழும்பு மாநகர எல்லைக்குள் இருந்தவர்கள் 6 இலட்சத்துக்கும் குறைவு. அதாவது கொழும்பு என்று நாம் சொல்லும் ஊரின் பெரும்பகுதி கொழும்பு மாநகர சபைக்கு வெளியேதான் இருக்கிறது.

இந்தப் பெரிய ஊருக்கு ஒன்றுக்கொன்று போட்டியாகப் பல திட்டங்கள் வந்துவிட்டன. துணை நகரங்கள் என்றார்கள், புதிய தலைநகர் என்றார்கள், வளர்ச்சி மையங்கள் என்றார்கள், மெகாபொலிஸ் என்றார்கள், பிறகு துறைமுக நகரம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் அழகான வண்ணப்படங்கள் இருந்தன. நான் கேட்பது ஒன்றுதான். எந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தாலும், வேலைக்குப் போகிறவர் அங்கே ரயிலில் போக முடியுமா, மழைத் தண்ணீர் வடிகிற நிலம் மிஞ்சுமா என்று முதலில் பாருங்கள். இந்த இரண்டிலும் தேறாத திட்டம் மற்ற எதில் தேறினாலும் எங்களுக்கு உதவாது.

பழைய திட்டங்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கான பாதி விடை அங்கேயே இருக்கிறது. 1921இல் பட்ரிக் கெடிஸ் கொழும்புக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஏரியும் மரங்களும் நிறைந்த பூங்கா நகரம் என்ற எண்ணம் அதில் இருந்தது. ஆனால் அது நகரத்துக்கான யோசனை. நகரத்தைச் சுற்றியுள்ள பிரதேசத்தையும் சேர்த்துப் பார்த்த முதல் திட்டம் 1948இல் வந்தது. அதை வரைந்தவர் பட்ரிக் அபர்குரொம்பி. 1944இல் பெரிய லண்டன் திட்டத்தை வரைந்தவரும் அவரே. லண்டனுக்குச் சொன்னதையே ஓரளவு இங்கும் சொன்னார்: நகரத்தை விளிம்பு விளிம்பாகப் பரவவிடாதீர்கள், கொஞ்சம் தள்ளித் துணை நகரங்களைக் கட்டுங்கள். அதற்கு அவர் தெரிவு செய்த மூன்று இடங்கள் இரத்மலானை, ஹோமாகம, ராகம.

அந்த மூன்று பெயர்களையும் இன்றைய ரயில் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். இரத்மலானை கரையோரப் பாதையில் இருக்கிறது. ஹோமாகம களனிவெளிப் பாதையில். ராகம, பிரதான பாதையிலிருந்து புத்தளம் பாதை பிரியும் சந்தி. மூன்றுமே தண்டவாளத்தில் கோர்த்த ஊர்கள். வெளிநாட்டுக்காரர் வரைந்தது என்று அந்தத் திட்டத்தைத் தள்ளிவைப்பவர்கள் உண்டு. காலனிக் காலத்துப் பார்வை அதில் இருந்தது உண்மைதான். ஆனால் ஆட்களைக் கொண்டுபோகும் வழி ஏற்கெனவே எங்கே இருக்கிறதோ அங்கே ஊரைக் கட்டு என்ற ஒரு விடயத்தில் அவர் செய்தது சரி. ராகமவில் இன்று போதனா வைத்தியசாலையும் மருத்துவ பீடமும் இருக்கின்றன, ஹோமாகம பக்கம் பிட்டிபனவில் பல்கலைக்கழகங்கள் எழுந்திருக்கின்றன. திட்டம் அலுமாரிக்குள் போன பிறகும் ஊர்கள் அந்த வழியிலேயே வளர்ந்தன.

அடுத்து வந்தவர்கள் இந்த வழியை விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். 1978இல் உங்கள் சபை உருவானது. அதே காலத்தில் ஐக்கிய நாடுகள் உதவியோடு கொழும்புக்கான பெருந்திட்ட வேலை தொடங்கியது, கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது, கோட்டே தலைநகராக அறிவிக்கப்பட்டது. 1982இல் பாராளுமன்றம் தியவன்னா ஓயாவின் நடுவே போய் அமர்ந்தது. அதன் பின்னால் அமைச்சுகள் பத்தரமுல்லைக்குப் போயின. நிர்வாகத்தை நெரிசலிலிருந்து வெளியே எடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் எடுத்துக்கொண்டுபோய் வைத்த இடத்தில் ரயில் இல்லை. வைத்த பிறகும் போடவில்லை. நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது.

அதன் விலையை நான் தினமும் கொடுக்கிறேன். காலையில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ஏறினால் கடலோரமாகக் கொள்ளுப்பிட்டிக்குப் பத்து நிமிடம் அளவில் போய்விடலாம். கூட்டம் நெரித்தாலும் நேரம் தெரியும். கொள்ளுப்பிட்டியில் இறங்கி 177 பஸ்ஸைப் பிடித்தால் அப்புறம் நேரத்துக்கு யாரும் பொறுப்பில்லை. பத்து கிலோமீட்டருக்குக் கிட்டத்தான் தூரம். மழை பெய்தால் ராஜகிரிய பாலத்தில் பஸ் அப்படியே நிற்கும். கண்ணாடி மூடிய வேன்களில் பள்ளிப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், அமைச்சுக்குப் போகும் எழுதுவினைஞர்கள் பஸ் மிதிபலகையில் தொங்குவார்கள், ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் மழையங்கியோடு நின்று போனில் யாருக்கோ பிந்தி வருவதாகச் சொல்லிக்கொண்டிருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் ரயிலில் வந்து விடியற்காலையில் கோட்டை ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைப் பாருங்கள். கடவுச்சீட்டுக்கோ அமைச்சு அலுவலுக்கோ பத்தரமுல்லைக்குப் போக வேண்டும். நாட்டின் மறுகோடியிலிருந்து கோட்டை வரை ரயில் இருக்கிறது, கோட்டையிலிருந்து நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு இல்லை.

இந்தக் குறையை நிவர்த்தி செய்ய ஒரு வாய்ப்பு வந்தது. 2014இல் ஜப்பானிய உதவியோடு நடந்த போக்குவரத்து ஆய்வு, கொழும்புக்குள் வரும் ஏழு பெருவழிகளைக் காட்டியது. அவற்றில் மாலபே வழிக்கு ரயிலே கிடையாது. அதனால்தான் கோட்டையிலிருந்து பொரளை, ராஜகிரிய, பத்தரமுல்லை வழியாக மாலபே வரை 15.7 கிலோமீட்டருக்கு, 16 நிலையங்களோடு, இலகு ரயில் திட்டம் வந்தது. 2019 மார்ச்சில் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2020 செப்டெம்பரில் அரசாங்கம் அதை நிறுத்தியது. செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். நிறுத்தியதற்குப் பதிலாக அந்த வழியில் வேறு எது வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. ராஜகிரிய பாலத்தில் பஸ் நின்றபடிதான் இருக்கிறது.

சரி, மெகாபொலிஸ் பக்கம் வருகிறேன். 1998இல் நீங்களே வெளியிட்ட கொழும்புப் பெருநகரப் பிராந்தியக் கட்டமைப்புத் திட்டம், வளர்ச்சியைக் கொழும்பில் குவிக்காமல் மாகாணத்தின் பல மையங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் பார்த்தது. 2004இல் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து மேல் பிராந்திய மெகாபொலிஸ் என்ற எண்ணம் வந்தது. அது கிடப்பில் கிடந்து, 2015இல் தனி அமைச்சாகி, 2016 ஜனவரியில் பெருந்திட்டமாக வெளிவந்து, 2019இல் ஆட்சி மாறியதும் அமைச்சோடு சேர்ந்து போய்விட்டது. இந்த இரண்டு எண்ணங்களுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி. ஒன்று பல ஊர்களை அவற்றின் சொந்தக் காலில் நிற்கவைக்கப் பார்க்கிறது. மற்றது முழு மாகாணத்தையும் ஒரே மாநகரமாகப் பார்க்கிறது.

மெகாபொலிஸை நான் முழுதாகத் தள்ளவில்லை. குப்பை, தண்ணீர், ரயில், வீடு எல்லாவற்றையும் மாகாணம் முழுவதற்கும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தது அதன் பெரிய பலம். அதற்கு முன்னும் பின்னும் அப்படி யாரும் அவ்வளவு விரிவாகப் பார்க்கவில்லை. ஆனால் தொழில்நுட்ப நகரம் ஹோமாகம பக்கம், கைத்தொழில் நகரங்கள் மீரிகமவிலும் ஹொரணையிலும், விமான நகரம் கட்டுநாயக்கவில் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தொழிலை ஒட்டிவைத்த முறை எனக்கு உடன்பாடில்லை. ஒரு குடும்பத்தில் கணவனுக்குத் தொழிற்சாலை வேலை, மனைவிக்குப் பள்ளிக்கூட வேலை, மகளுக்குக் கணினி வேலை என்றால் அவர்கள் எந்த நகரத்தில் வீடு பார்ப்பது? தொழிலை ஊர்வாரியாகப் பிரித்தால் பயணம்தான் கூடும். மேலும், மீரிகம பிரதான பாதையில் இருக்கிறது, ஹொரணையில் ரயிலே இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததே திட்டம் தண்டவாளத்தைப் பார்த்து எழுதப்படவில்லை என்பதற்குச் சாட்சி.

துறைமுக நகரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயரும், 2021ஆம் ஆண்டின் தனிச் சட்டமும், தனி ஆணைக்குழுவும் அதற்கு இருக்கின்றன. காலிமுகத்திடலில் நின்று பார்க்கிற எங்களுக்கு அதில் வாக்கும் இல்லை, வீடும் இல்லை. தேசிய பௌதிகத் திட்டம் சொல்லும் கொழும்பு–திருகோணமலை, கொழும்பு–அம்பாந்தோட்டை பொருளாதார வழிகளும் அப்படித்தான். நாட்டுக்கு அவை தேவையாக இருக்கலாம். மஹரகமவில் பஸ்ஸுக்கு நிற்பவரின் நாளை அவை மாற்றாது.

என் மனதுக்குப் பட்ட வடிவம் வேறு. 1947இல் கோப்பன்ஹேகன் நகரத்துக்கு ஒரு திட்டம் வரைந்தார்கள். உள்ளங்கை பழைய நகரம். ரயில் பாதைகள் ஐந்து விரல்கள். வீடும் வேலையும் விரல்கள் நெடுகிலும் வளரட்டும், விரல்களுக்கு இடையில் உள்ள வயலும் காடும் அப்படியே கிடக்கட்டும் என்பதுதான் முழு யோசனை. 2007இல் அதைச் சட்டபூர்வமான பணிப்புரையாகவே ஆக்கினார்கள். ஆட்சி எத்தனை மாறினாலும் அந்தக் கை மாறவில்லை.

கொழும்புக்கு அந்த விரல்களை யாரும் புதிதாக வரைய வேண்டியதில்லை. கரையோரப் பாதை தெஹிவளை, மொரட்டுவை, பாணந்துறை, களுத்துறை என்று தெற்கே போகிறது. களனிவெளிப் பாதை நுகேகொடை, மஹரகம, ஹோமாகம, அவிசாவளை என்று கிழக்கே. பிரதான பாதை ராகம, கம்பஹா, வெயாங்கொடை, மீரிகம என்று வடகிழக்கே. ராகமவில் பிரியும் புத்தளம் பாதை ஜா-எல, கட்டுநாயக்க, நீர்கொழும்பு என்று வடக்கே. இப்போது இடைவெளிகளைப் பாருங்கள். புத்தளம் பாதைக்கும் கடலுக்கும் நடுவே முத்துராஜவெலச் சதுப்பு. பிரதான பாதைக்கும் களனிவெளிப் பாதைக்கும் நடுவே களனி ஆறும், கொலன்னாவைச் சதுப்பும், தியவன்னாவும், தலங்கமவும். களனிவெளிக்கும் கரையோரத்துக்கும் நடுவே பெல்லன்வில–அத்திடியவும் பொல்கொட ஆறும். 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. அந்த ஈரநிலங்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான் இருக்கின்றன. நிலமும் தண்ணீரும், நூறு வருடத்துக்கு முன் தண்டவாளம் போட்டவர்களும் சேர்ந்து உங்கள் பாதி வேலையை முடித்துவைத்திருக்கிறார்கள்.

இடைவெளியில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வெள்ளவத்தையே உதாரணம். தியவன்னாவில் தேங்கும் மழைத் தண்ணீர் கோட்டே, கிருலப்பனைக் கால்வாய்கள் வழியாக வந்து வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்களால் கடலுக்குப் போகிறது. மேலே மாலபே, பத்தரமுல்லைப் பக்கம் ஒருவர் ஆறு பேர்ச் சதுப்பு நிலத்துக்கு லொறியில் கப்பி மண் இறக்கி மேடாக்குகிறார். அவர் மேல் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க ஒரு துண்டுக் காணி, கைக்கெட்டும் விலையில் அதுதான் கிடைத்திருக்கும். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர், அவருக்குப் பக்கத்தில் ஒரு கம்பனி. பிறகு ஓர் இரவு அடைமழை. தேங்க இடம் இல்லாத தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கி வரும். எங்கள் ஒழுங்கையில் வடிகான் மூடியைத் தள்ளிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் மேலே வரும்போது, கீழ்த்தளத்தில் இருக்கும் வயதான தம்பதி அரிசி மூடையை முதலில் கட்டிலில் தூக்கிவைப்பார்கள், பிறகு பிள்ளைகளின் பழைய சான்றிதழ்க் கோப்பை. அதைப் பார்த்தவர்களுக்குச் சதுப்பு வெறும் நிலம் அல்ல என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் வந்தது. 2016 மே மாதத்தில் களனி பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் கடுவெலயும் மூழ்கின. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் களனிக் கரையில் இருந்தவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். கட்டிடத்துக்கு அனுமதி கொடுப்பது கடுவெல மாநகர சபை. தண்ணீர் வடிவது கொழும்பு மாநகர சபையின் எல்லையில். நடுவில் யாரும் இல்லை.

மாலபேயும் பத்தரமுல்லையும் ஏற்கெனவே இடைவெளியில் வளர்ந்துவிட்டன, அவற்றை இனிப் பிடுங்கி எடுக்கவா முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது. முடியாது என்பதால்தான் அந்தப் பக்கத்துக்கும் ஒரு விரல் கொடுக்கச் சொல்கிறேன். கோட்டையிலிருந்து மாலபேக்கு ரயிலைப் போடுங்கள். இலகு ரயிலோ வேறு எதுவோ, பஸ் நெரிசலில் சிக்காத பாதையாக இருக்கட்டும். அந்தப் பாதையில் நடந்துபோகும் தூரத்துக்குள் மாடி மாடியாகக் கட்டட்டும். அதற்கு அப்பால் இரண்டு பக்கமும் உள்ள சதுப்பில் ஒரு லொறி மண்ணும் விழாமல் வர்த்தமானியில் எல்லை குறித்துப் பூட்டுங்கள். களனிவெளிப் பாதை இன்னும் ஒற்றைத் தண்டவாளம். அதை இரட்டையாக்குவதும் கரையோரப் பாதையை மின்மயமாக்குவதும் எந்தப் புதிய நகரத்தையும்விட அதிகம் பேருக்குப் பயன்படும். இலங்கையில் இன்று வரை ஒரு ரயில் பாதைகூட மின்சாரத்தில் ஓடவில்லை என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

வெளிச்சுற்று அதிவேக வீதி பற்றியும் ஒரு வார்த்தை. கொட்டாவ முதல் கடுவெல வரை 2014இல், கடவத்தை வரை 2015இல், கெரவலப்பிட்டி வரை 2019இல் திறந்தார்கள். விரல்களைக் குறுக்கே வெட்டிப் போகும் வளையம் அது. அதன் இறங்குபாதைகளைச் சுற்றித்தான் இப்போது காணி விற்பனைப் பலகைகள் முளைக்கின்றன. கார் உள்ளவருக்கு அது வசதி. கார் இல்லாதவருக்கு, கொட்டாவ மாகும்புரவில் பஸ்ஸும் ரயிலும் அதிவேக வீதியும் ஒரே இடத்தில் சந்திக்கும்படி கட்டிய நிலையம்தான் வசதி. அந்த மாதிரி ஒன்றை அந்த வீதி பிரதான பாதையை வெட்டும் இடத்திலும் செய்யலாமே. நல்லதைச் செய்துவிட்டு ஏன் ஒன்றோடு நிறுத்துகிறீர்கள்?

உள்ளங்கையில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 2010க்குப் பிறகு கொழும்பில் தோட்டங்கள் என்று சொல்லும் நெருக்கமான சிறு வீட்டு வரிசைகளில் இருந்த குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவியாக இருந்த ஓர் அக்கா கொம்பனித்தெருவில் அப்படி ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். காலையில் வீட்டு வாசலிலேயே இடியப்பமும் சம்பலும் விற்பார். வேலைக்குப் போகிற பெடியன்கள் நின்றபடியே வாங்கிப் போவார்கள், காசை மாதக் கடைசியில் கொடுப்பார்கள். பிறகு தெமட்டகொடைப் பக்கம் மாடியில் வீடு கிடைத்தது. சுவர் உறுதி, மலசலகூடம் வீட்டுக்குள்ளேயே, மழைக்கு ஒழுகவில்லை. அதற்கெல்லாம் அவர் நன்றியோடுதான் பேசுவார். ஆனால் எட்டாவது மாடிக்கு இடியப்பம் வாங்க யார் வருவார்கள்? லிப்ட் பழுதான நாளில் தண்ணீர்ப் போத்தலோடு படியேறியதில் முழங்கால் போய்விட்டது. இடியப்பத் தட்டுகள் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

இதைச் சொல்வது அந்தக் குடும்பங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோங்கள் என்பதற்காக அல்ல. நகரத்துக்குள், ரயிலுக்குக் கிட்ட, அவர்களுக்கு வீடு கொடுத்தது சரி. தெமட்டகொடையும் மருதானையும் உள்ளங்கையின் நடு. அந்த இடத்தில் ஏழைகள் இருக்க வேண்டும், கொழும்பை ஓடவைப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் கீழ்த்தளத்தைக் கடைகளுக்கும் சிறு தொழிலுக்கும் விட்டு, உயரத்தைக் குறைத்துக் கட்டியிருக்கலாம். வெற்றான காணியை முதலீட்டாளருக்கு விற்பதும் குடும்பங்களை உயரே அடுக்குவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களாக இருக்கும்வரை எந்தப் பெருந்திட்டத்தையும் அந்த அக்கா நம்பமாட்டார். அவர் நம்பாததை நானும் நம்பமாட்டேன்.

இதையெல்லாம் யார் முடிவு செய்வது என்பதுதான் கடைசியாகவும் முக்கியமாகவும் கேட்க வேண்டியது. மீதொட்டமுல்லவை மறந்துவிடாதீர்கள். கொழும்பு மாநகரத்தின் குப்பை பல வருடங்கள் கொலன்னாவை நகர சபையின் எல்லைக்குள் கொட்டப்பட்டது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், அந்த மலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குப்பையைப் போட்டவர்கள் ஒரு சபைக்கு வாக்களிக்கிறார்கள், அதன் கீழ் குடியிருந்தவர்கள் இன்னொரு சபைக்கு. இரண்டு சபைகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்க யாருக்கும் அதிகாரமும் இல்லை, கடமையும் இல்லை. அதற்குப் பிறகு என்ன செய்தோம்? புத்தளத்தில் அருவக்காலுக்கு அனுப்பத் தொடங்கினோம். அங்கே இருப்பவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் சிங்களம் பேசுகிறவர்களுமான சாதாரண மக்கள்தான்.

மாகாணம் முழுவதற்கும் பொறுப்பான, மக்கள் வாக்களித்த ஒரே சபை மேல் மாகாண சபை. அதன் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. அதற்குப் பின் தேர்தல் நடக்கவில்லை, ஆளுநர்தான் நடத்துகிறார். ஆக, இவ்வளவு பெரிய பிரதேசத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் எங்கள் வாக்கால் வந்த ஒருவரும் இல்லை. மாகாண சபைத் தேர்தலை நடத்துவது உங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது நடக்கும்வரை ஏழு மாநகர முதல்வர்களையும், கொலன்னாவை, மஹரகம, வத்தளை போன்ற சபைகளின் தலைவர்களையும், ரயில்வே திணைக்களத்தையும், காணி மீட்புக் கூட்டுத்தாபனத்தையும் ஒரே கூட்டத்தில், மக்கள் உட்கார்ந்து கேட்கக்கூடிய கூட்டத்தில், சேர்க்க உங்களால் முடியும். மாநகர உறுப்பினர்களே, உங்களிடமும் கேட்கிறேன். பக்கத்துச் சபையின் கால்வாய் உங்கள் வட்டாரத்தில் வந்து முட்டும்போது கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். 2025 மேயில் வாக்குக் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். அதே வேகத்தோடு கடுவெலக்கும் கொலன்னாவைக்கும் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்று. சில காலத்துக்கு முன் ஓர் அரச அலுவலகத்தில் திட்ட வரைபடம் ஒன்று பொதுமக்கள் கருத்துக்காகச் சுவரில் மாட்டியிருந்தது. என்னோடு வந்த கொட்டாஞ்சேனைக் கடைக்காரர், அறுபது வயதுக்காரர், தன் தெரு எந்த நிறத்துக்குள் வருகிறது என்று விரலால் தடவித் தேடினார். நிறங்களுக்கான விளக்கத்தில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. அங்கிருந்த இளம் அதிகாரி நல்லவர், எழும்பி வந்து தன்னால் முடிந்த அரைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். ஆனால் தன் கடை வீதி அகலிப்புக்குள் போகுமா இல்லையா என்பதை ஒருவர் அப்படியா தெரிந்துகொள்ள வேண்டும்? கொழும்பு மாநகர எல்லைக்குள் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம், மருதானை, வெள்ளவத்தை. மாநகர எல்லையைத் தாண்டினால் தெஹிவளை, ஆற்றைத் தாண்டினால் வத்தளை, ஹெந்தளை. நீங்கள் வரைகிற கோடுகளில் பாதி எங்கள் கூரைகளுக்கு மேலாகத்தான் போகின்றன.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. புதிதாக ஒரு பெயர் வைத்து இன்னொரு பெருந்திட்டம் தொடங்காதீர்கள். 1948, 1978, 1998, 2004, 2016 என்று கிடப்பவற்றை எடுத்து, தண்டவாளத்துக்கும் சதுப்புக்கும் பொருந்துகிற பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த ஐந்து விரல்களையும் இடைவெளிகளையும் சட்டத்தில் எழுதுங்கள். ஆட்சி மாறினால் அமைச்சின் பெயர் மாறட்டும், இடைவெளியின் எல்லை மாறக் கூடாது. வரைவைத் தமிழிலும் அச்சிடுங்கள். செத்சிறிபாயவில் மட்டும் மாட்டாமல் வெள்ளவத்தை, மருதானை, ராகம, நீர்கொழும்பு, அவிசாவளை ஸ்டேஷன்களில், டிக்கட் எடுக்கும் யன்னலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். கூட்டத்தை வார நாளில் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள், அந்த நேரத்தில் நாங்கள் வேலையில் இருப்போம். சனிக்கிழமை பின்னேரம் வையுங்கள். கடைக்காரரையும் இடியப்ப அக்காவையும் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன், எங்கள் ஒழுங்கையின் கீழ்த்தளக்காரர்களும் வருவார்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைக் குடியிருப்பாளர் ஒருத்தி